காலடியில் ஒரு பள்ளத்தாக்கு: திருகோணமலைக் கடல் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோணேசர் கோயில் மதிலோரம், பாடசாலைகளில், மீன் ஏலம் போகும் கரையில், பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் என்று எங்கே போனாலும் பதினைந்து வருடங்களாக ஒரே கேள்விகள்தான் வருகின்றன. நான் ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியை. ஒரே பதிலை நூறு தடவை சொல்வது எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் என் பழைய மாணவி ஒருத்தி, "எழுதி வையுங்கள் டீச்சர், எல்லோரும் படிக்கட்டும்" என்றாள். கேட்டவர்கள் கேட்ட விதமாகவே கேள்விகளைத் தந்திருக்கிறேன்.

டீச்சர், திருகோணமலையில் பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறது? நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், ஒரு நாளும் கண்டதில்லையே?

கண்டிருக்க முடியாது. அது கடலுக்கு அடியில் இருக்கிறது. மகாவலி கங்கை வந்து விழுகிற கொட்டியாரக் குடாவில் அதன் தலை தொடங்குகிறது. அங்கிருந்து, கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைக்கு முன்னால் வெளிக்கடலுக்கு இறங்கி, வங்காள விரிகுடாவின் ஆழ்கடல் தரையில் போய்ச் சேருகிறது. இரண்டு உள்ளங்கைகளின் அடிப்பாகத்தையும் ஒட்டி வைத்து, விரல்களை விரித்துப் பாருங்கள். குறுக்காக வெட்டினால் அதன் வடிவம் அதுதான்: செங்குத்தான இரண்டு சுவர், நடுவில் ஒடுங்கிய அடி.

எவ்வளவு ஆழம்?

வெளி முனையில் 3000 மீற்றருக்கும் அதிகம். நம் நாட்டின் உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2524 மீற்றர். அதைத் தூக்கி அங்கே வைத்தாலும் உச்சி தண்ணீருக்கு மேலே தெரியாது. சூரிய ஒளி 200 மீற்றர் வரைதான் உருப்படியாக இறங்கும். 1000 மீற்றருக்குக் கீழே பகலும் இல்லை, இரவும் இல்லை.

எனக்கு எண்கள் வருவதற்கு முன்பே கயிறு வந்துவிட்டது. அப்பா திருக்கடலூரில் தொழில் செய்தவர். ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார். இரு கைகளையும் நீட்டி விரித்தால் ஒரு பாகம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு விடியற்காலையில் என்னை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு போய், ஈயக்குண்டு கட்டிய கயிற்றைக் கீழே விட்டார். சுருள் சுருளாகக் கிடந்த கயிறு முழுவதும் ஓடித் தீர்ந்தது. குண்டு தரையைத் தொடவில்லை. நுனியை என் கையில் தந்து, "பிடித்துப் பார் பிள்ளை, இதற்கு அடி இல்லை" என்றார். கயிறு என் விரலுக்குள் மெல்ல அதிர்ந்துகொண்டே இருந்தது. கீழே ஓடும் நீரோட்டம் அது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்கு அது உயிருள்ள ஒன்றின் நாடித் துடிப்பாகத்தான் தெரிந்தது.

இராவணன் வெட்டு என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. இராவணன் வெட்டு சுவாமி மலைப் பாறையில் நம் கண்ணுக்குத் தெரிகிற பிளவு. நோயுற்ற தாய் வழிபடுவதற்காகக் கோயிலோடு மலையையே பெயர்த்தெடுக்க இராவணன் வாளால் வெட்டிய இடம் என்பது ஐதீகம். தாயின் ஈமக்கிரியைக்காக அவன் உண்டாக்கியவைதான் கன்னியா வெந்நீரூற்றுகள் என்றும் சொல்வார்கள். பள்ளத்தாக்கு அந்தப் பாறைக்கு முன்னால், நீருக்கடியில் கிடக்கிறது.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை நான் ஒருபோதும் திருத்திவிட்டு நகர்ந்ததில்லை. இந்த இடத்தில் பூமி பிளந்திருக்கிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமலே நம் முன்னோர் உணர்ந்து, அதற்கு ஒரு கதையும் வைத்து, வணங்கியும் வந்திருக்கிறார்கள். அந்த வணக்கத்தைத் தண்ணீருக்கு அடியிலும் நீட்டுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

அப்படியென்றால் மகாவலி தோண்டியதா?

தலைப்பகுதியில் ஆற்றுக்குப் பங்கு இருக்கலாம். ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இப்போதையதைவிடச் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. அப்போது ஆறு இன்னும் தூரம் ஓடிப்போய்த்தான் கடலைச் சேர்ந்திருக்கும். ஆனால் 120 மீற்றருக்கும் கீழே எந்த ஆறும் ஓடியிருக்க முடியாது. மிச்சத்தைச் செய்தவை பழம்பாறையில் இருந்த பலவீனமான கோடுகளும், கடலுக்கடியில் இறங்கி ஓடும் சேற்று வெள்ளமும்.

சேற்று வெள்ளம் என்றால் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வராது. ஆகவே வகுப்பில் ஒரு கண்ணாடித் தொட்டியைச் சாய்த்து வைத்து, தெளிந்த தண்ணீர் நிரப்பி, மேல் பக்கத்தில் ஒரு கோப்பை களிமண் கரைசலை மெதுவாக ஊற்றுவேன். அது தண்ணீரோடு கலக்காமல், அடியோடு அடியாக ஒரு பழுப்புப் பாம்பைப் போல ஊர்ந்து தாழ்ந்த முனைக்குப் போகும். வழியில் கிடக்கும் மணலையும் அரித்துக்கொண்டு போகும். பின்வாங்கில் இருப்பவர்கள் எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள். இந்தத் தொட்டியை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

திமிங்கிலம் ஏன் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது? வழி தவறியா?

வழி தவறவில்லை, சாப்பாட்டுக்கு வருகிறது. வேறு இடங்களில் இந்த ஆழத்தைக் காண வெகுதூரம் கடலோட வேண்டும். இங்கே ஆழமே கரைக்கு வந்திருக்கிறது. நீரோட்டமும் வற்றுப்பெருக்கும் பள்ளத்தாக்கின் சுவரில் மோதும்போது, கீழே உள்ள குளிர்ந்த, சத்து நிறைந்த நீர் மேலே கிளறப்படுகிறது. அதில் மிதவை உயிர்கள் பெருகும், அவற்றை உண்ணச் சிறு இறால் கூட்டம் வரும், அதை உண்ண நீலத் திமிங்கிலம் வரும். பூமியில் வாழ்ந்த எல்லா விலங்குகளிலும் பெரியது, விரலளவுகூட இல்லாத இறாலை நம்பி உயிர் வாழ்கிறது. நம் கடலில் காணப்படும் வகை கொஞ்சம் குள்ளமானது. அதுவே ஏறத்தாழ இரண்டு பஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திய நீளம்.

எண்ணெய்த் திமிங்கிலம் வேறு இனம், பல் உள்ளது. அதற்குக் கணவாய் வேண்டும். ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு 1000 மீற்றருக்கும் கீழே, அந்தப் பகலில்லாத இடத்துக்கு இறங்கி, முக்கால் மணி நேரம் கழித்து ஏறி வரும்.

கோயிலில் நின்றே பார்க்கலாம் என்கிறார்கள், உண்மையா? எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

உண்மை. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, கடல் படிந்திருக்கும் நாளில் வர வேண்டும். மீனைத் தேடுவது போல உடம்பைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். நேராக மேலே எழும் உயரமான வெண்புகைத் தூண் என்றால் நீலத் திமிங்கிலம். தாழ்வாக, இடது பக்கம் சாய்ந்து முன்னோக்கி அடித்தால் எண்ணெய்த் திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் இடது நுனியில் இருக்கிறது. கூட்டமாகத் துள்ளிச் சுழல்பவை ஓங்கில்கள், அதாவது டொல்பின்கள்.

நேரமும் முக்கியம். மலை கிழக்கைப் பார்க்கிறது. சூரியன் எழும்பிவிட்டால் கடல் முழுவதும் தகடு போல மின்னி எதையும் பார்க்க விடாது. பின்னேரத்தில் வெயில் முதுகுக்குப் போய்விடும், ஆனால் காற்று கிளம்பி அலைநுரை மூச்சை மறைத்துவிடும். ஆகவே சூரியன் வருவதற்கு முந்திய அரை மணி நேரம்தான் எனக்குப் பிடித்தது. அந்தச் சாம்பல் நிறக் கடலில் வெள்ளையாக ஒன்று எழுந்தால், தொட்டில் கட்டிய மரத்தடியில் நிற்பவர்களுக்குக்கூடத் தெரியும்.

நீங்கள் தினமும் கொப்பியில் என்ன எழுதுகிறீர்கள்? அரசாங்கமா சம்பளம் தருகிறது?

யாரும் தரவில்லை. ஆசிரியர் ஓய்வூதியம் வருகிறது, எனக்குப் போதும். தேதி, நேரம், காற்றின் திசை, கடல் படிந்திருந்ததா குழம்பியிருந்ததா, எத்தனை மூச்சு, எந்தப் பக்கம், அருகில் கப்பலோ படகோ நின்றதா என்று எழுதுகிறேன். ஒன்றும் காணாத நாளில் "ஒன்றும் இல்லை" என்று எழுதுகிறேன். அந்த வரிகள்தான் அதிகம். அவையும் கணக்குத்தான். போர் முடிந்த மறுவருடம் தொடங்கினேன், இப்போது 14 கொப்பிகள். காய்ச்சல் நாட்களும் என் தங்கை இறந்த வாரமும் தவிர, பருவத்தில் விடுபட்ட நாட்கள் குறைவு.

இதற்கு முன் வேறு யாரும் ஆராயவில்லையா?

ஆராய்ந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் "டியூலிப்" என்ற பாய்மரப் படகில் வந்த ஆராய்ச்சியாளர்கள் திருகோணமலைக் கடலில் எண்ணெய்த் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தார்கள். 1983, 1984ஆம் ஆண்டுகளில் இங்கே நீலத் திமிங்கிலங்களையும் பதிவு செய்தார்கள். பிறகு போர் மூண்டது. வள்ளங்களுக்கே கடல் மறுக்கப்பட்ட காலத்தில் திமிங்கிலத்தை யார் எண்ணுவது?

நம் நாட்டவரில் ஆஷா டி வோஸின் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெரும்பாலும் தென்கடலில் ஆராய்ந்தவர். மற்ற இடத்து நீலத் திமிங்கிலங்கள் உணவுக்காகக் குளிர்கடலுக்குப் போகும். நம்முடையவை இந்த வெப்பக் கடலிலேயே தங்கியிருந்து உண்பவை என்பதை உலகம் கவனிக்கச் செய்தவர் அவர். இறால் பற்றி மேலே சொன்னதும் அவரும் அவரது கூட்டாளிகளும் கண்டறிந்ததுதான். அவருடைய பணியைப் படித்தபோது, என் கொப்பிக்கும் ஒரு பொருள் இருக்கிறது என்ற தைரியம் வந்தது.

புறாத்தீவைப் போல இதுவும் பாதுகாக்கப்பட்ட இடம்தானே?

இல்லை. பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். புறாத்தீவு 2003இல் தேசிய பூங்காவானது; அதற்கு எல்லை உண்டு, டிக்கெட் உண்டு, காவலர் உண்டு. பள்ளத்தாக்குக்கு எதுவும் இல்லை.

2015இல் கொழும்பில் கூடிய நிபுணர்கள், உயிரியற் பல்வகைமைச் சாசனத்தின் கீழ், "திருகோணமலைப் பள்ளத்தாக்கும் அதனோடு சேர்ந்த சூழல் தொகுதிகளும்" என்று பெயர் சொல்லி இதை முக்கியமான கடற்பகுதியாக விவரித்தார்கள். பெரிய கௌரவம். ஆனால் அந்தப் பட்டியல் யாரையும் எதிலிருந்தும் தடுக்காது. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது வணிக வேட்டையைத் தடுக்கிறது. அதற்கு முன், 1960களில், சோவியத் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களைக் கொன்றிருக்கின்றன. நாம் இன்று காண்பவை அந்த வேட்டையில் மிஞ்சியவற்றின் வழி வந்தவை. உள்நாட்டுச் சட்டத்திலும் அவற்றைக் கொல்லவோ துன்புறுத்தவோ கூடாது. விலங்குக்குக் காப்பு இருக்கிறது, அது வாழும் வீட்டுக்கு இல்லை.

மனிதன் இறங்கவே முடியாத இடத்தை எதிலிருந்து காப்பாற்றப் போகிறீர்கள்?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் கண்ணாடித் தொட்டியைத்தான் காட்டுவேன். களிமண் எந்த வழியாகப் போனதோ, மற்றவையும் அதே வழியாகத்தான் போகும். குடாவில் வீசிய பொலித்தீன், அறுந்த நைலோன் வலை, ஆற்றோடு வரும் வயல் மருந்து எல்லாவற்றுக்கும் தாழ்ந்த முனை அதுதான். கரையில் கிடக்கும் போத்தலை ஒரு சிரமதானத்தில் பொறுக்கிவிடலாம். 2000 மீற்றரில் கிடப்பதை யாரும் பொறுக்கப் போவதில்லை. அங்கே வெயில் இல்லை, வெப்பம் இல்லை. விழுந்தது உக்காமல் அப்படியே கிடக்கும்.

இரண்டாவது சத்தம். தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நான்கு மடங்கு வேகமாக, வெகுதூரம் போகும். எண்ணெய்த் திமிங்கிலம் இருட்டில் கணவாயைத் தேடுவதே தன் ஒலியின் எதிரொலியைக் கேட்டுத்தான். மீன் பிடிக்கப் போடும் டைனமைட் வெடி அதன் செவியில் என்னவாக விழும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

மூன்றாவது எண்ணெய். 2020 செப்டெம்பரில் "நியூ டயமண்ட்" கப்பல் ஏறத்தாழ 2,70,000 தொன் கச்சா எண்ணெயோடு சங்கமன்கண்டிக்கு அப்பால் தீப்பிடித்தது நினைவிருக்கும். தீயணைத்து இழுத்துச் சென்றதால் சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. அது நம் கிழக்குக் கடல். சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் இருக்கின்றன, அவற்றுக்கு வரும் கப்பல் பள்ளத்தாக்கின் தலைக்கு மேலால்தான் வர வேண்டும்.

அப்போது மீனவர்கள் தொழிலை விட வேண்டுமா? நீங்களும் மீனவன் மகள்தானே, அக்கா?

மீனவன் மகள் என்பதால்தான் சொல்கிறேன். தூண்டிலாலும் கைவலையாலும் இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு குறையும் வந்ததில்லை. சூரையும் அறக்குளாவும் இங்கே நிற்பதற்குக் காரணமே மேலே சொன்ன அந்தக் கிளறல்தான். திமிங்கிலத்துக்குச் சோறு போடும் அதே தண்ணீர்தான் உங்கள் வீட்டுக்கும் போடுகிறது.

நான் எதிர்ப்பது அடியைச் சுரண்டும் இழுவை மடியையும் டைனமைட்டையும். இரண்டும் சட்டப்படியே தடை. இழுவை மடிக்குத் தடை வந்தது 2017இல். கிழிந்த வலையை மட்டும் கடலில் விடாதீர்கள், கரைக்குக் கொண்டு வாருங்கள். ஒரு முறை சல்லி என்ற ஊரின் கரையில் ஒதுங்கிய வலைக் கும்பலைப் பிரித்தோம். உள்ளே ஓர் ஆமை. அதன் முன்துடுப்பில் நூல் எலும்பு வரை இறங்கியிருந்தது, உயிர் இருந்தது. நூலை ஒவ்வொன்றாக வெட்டியது ஒரு சம்மாட்டி, படகும் வலையும் சொந்தமாக வைத்திருப்பவர். அவர் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அவர் வாடியில் பழைய வலைக்கென்று ஒரு மூலை இருக்கிறது.

திமிங்கிலம் காட்டும் படகுக்காரர்களோடு உங்களுக்கு என்ன பிணக்கு? நாலு பிள்ளைகள் பிழைக்கிறார்களே.

பிழைக்கட்டும், நன்றாகப் பிழைக்கட்டும். அவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். என் பிணக்கு துரத்துவதோடு மட்டும்தான். 100 மீற்றருக்குள் நெருங்கக் கூடாது என்பது விதி. ஒரு வைகாசி மாதம் நான்கு படகுகள் ஒரு தாயையும் குட்டியையும் நடுவில் விட்டுச் சுற்றியதை மலையிலிருந்து பார்த்தேன். தாய் மூச்சு முழுதாக எடுக்காமலே மறுபடி இறங்கியது. அன்றைய பக்கத்தில் கையெழுத்து கோணலாக இருக்கிறது.

இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருங்கள் என்பதுதான் நான் படகோட்டிகளுக்குச் சொல்வது. நிறுத்திக் காத்திருந்த படகுக்குப் பக்கத்தில் அதுவாகவே வந்து எழுந்ததை இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். பார்க்கப் போகிறவர்களும், "கிட்டப் போ, கிட்டப் போ" என்று ஓட்டுபவரை வற்புறுத்த வேண்டாம்.

மீனம்பர் கரை ஒதுங்கினால் எடுத்து விற்கலாமா?

வேண்டாம். அது எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாவது. வைத்திருந்தவர்கள் கைதாகியிருக்கிறார்கள். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

சுனாமியில் இந்தப் பள்ளத்தாக்குதான் ஊரைக் காப்பாற்றியது என்கிறார்களே?

ஆழமான நீருக்கு மேலே அலை வேகமாக ஓடி இரு பக்கமும் விலகும் என்பது பௌதிகம். அதனால் பள்ளத்தாக்கின் தலைக்கு நேரே அலை தணியலாம், பக்கங்களில் உயரலாம். ஆனால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி இதே குடாவின் கரையிலுள்ள மூதூரும் கிண்ணியாவும் எத்தனை பேரைப் புதைத்தன என்று அங்கே போய்க் கேளுங்கள். அவர்கள் முன்னால் நின்று "காப்பாற்றியது" என்று என்னால் சொல்ல முடியாது.

சாமிக்குக் கொண்டு போகும் பொருட்கள் கடலில் விழுந்தால் அதுவும் குற்றமா?

பூவும் தேங்காயும் கடலுக்குப் பகை இல்லை. அவை சுற்றியிருக்கும் பை பகை. நான் அர்ச்சனைப் பொருளைப் பனையோலைப் பெட்டியில் கொண்டு போகிறேன். கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் திரியும் மான்கள் பொலித்தீனை மெல்லுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

நீங்கள் ஒரு ஆள் கொப்பியில் எழுதி என்னதான் மாறிவிடப் போகிறது?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் என் மீது அன்புள்ளவர்கள், ஆகவே நேராகவே பதில் சொல்கிறேன். இரண்டு வருடம் ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. அது என்னை வருத்தியது, இப்போதும் வருத்துகிறது. ஆனால் இதே குடாவின் கரையிலுள்ள சம்பூரைப் பாருங்கள். 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அங்கே வருவதாக இருந்தது. அப்படிப்பட்ட நிலையம் கடல்நீரை உறிஞ்சிச் சூடாக்கித் திருப்பிக் கடலுக்கே விடும். ஊர் மக்கள் எதிர்த்தார்கள், வழக்கும் போனது. 2016 செப்டெம்பரில் திட்டம் கைவிடப்படுவதாக அரசு உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை. அங்கே நின்றவர்கள், தங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று விவரம் சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். இந்தக் கடலில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் யாராவது கேட்டால், தேதியோடு சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

நானும் வந்து எழுதலாமா?

தாராளமாக வாருங்கள். பருவத்தில் காலை ஐந்தரைக்குக் கோயில் மதிலோரம் இருப்பேன். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் வர வேண்டாம், மழையும் குழம்பிய கடலும்தான். தொலைநோக்கி என்னிடம் இரண்டு இருக்கிறது. பேனா கொண்டு வராதீர்கள், உப்புக்காற்றில் மை ஊறிவிடும். பென்சில் கொண்டு வாருங்கள். முதல் நாள் ஒன்றும் தெரியாமல் போகலாம், அப்படியானால் "ஒன்றும் இல்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.